கொலையாளியின் கடவுள்

நண்பர் ஒருவர் ஜான் க்ராகௌரின் 'அண்டர் த பேனர் ஆஃப் ஹெவன்' புத்தகத்தைக் கையில் திணித்து, 'மதம் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சியம் வேண்டாம்' என்றார். படித்து முடித்தேன். சாட்சியம்தான், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய சாட்சியம் என்ற கேள்வி எனக்கு மிஞ்சியது.

2003இல் வெளிவந்த நூல். 1984 ஜூலை 24 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அமெரிக்கன் ஃபோர்க் என்ற ஊரில், ரான் லாஃபர்ட்டி, டான் லாஃபர்ட்டி என்ற சகோதரர்கள் தங்கள் தம்பி வீட்டில் நுழைந்து, 24 வயதான தம்பி மனைவியையும் அவளுடைய 15 மாதக் குழந்தையையும் கழுத்தறுத்துக் கொன்றார்கள். கடவுள் ஆணையிட்டார், அதை எழுதி வைத்தேன் என்றான் ரான். இருவரும் மார்மன் குடும்பத்தில் பிறந்தவர்கள். பலதார மணம் முதலிய பழைய போதனைகளுக்குத் திரும்ப முற்பட்டு, சபையிலிருந்து விலக்கப்பட்டவர்கள்.

க்ராகௌர் இந்தக் கொலையிலிருந்து பின்னோக்கிப் போகிறார். சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித் 1844இல் கும்பலால் கொல்லப்பட்டது, 1857இல் மௌண்டன் மெடோஸில் சுமார் 120 பயணிகளை மார்மன்கள் கொன்றது, 1890இல் சபை பலதார மணத்தைக் கைவிட்டது எல்லாம் வருகின்றன. ஓர் அத்தியாயம் கொலை, அடுத்தது சரித்திரம். வாதம் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. இந்த அடுக்குமுறையே வாதமாகிவிடுகிறது. இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் காரணகாரியத்தை வாசகன் தானே முடிந்துகொள்வான். நாவலாசிரியனுக்கு இது உத்தி. உண்மைக் குற்றம் எழுதுகிறவனுக்கு இது கடன். பின்னால் அடைத்தாக வேண்டும்.

க்ராகௌர் அடைக்காத இடம் எது? கொல்லப்பட்ட பெண்ணும் மார்மன். பெயரளவில் அல்ல, ஈடுபாட்டோடு. அந்தச் சபையின் பல்கலைக்கழகத்தில் படித்தவள். கணவனின் அண்ணன்மார் வேதத்தை வாயில் போட்டுக்கொண்டு பெண்களை அடக்க வந்தபோது, அதே வேதம் தெரிந்தவளாக எதிர்த்துப் பேசியவள். ரானின் மனைவி அவனை விட்டு விலகத் துணை நின்றவள். ரான் எழுதிவைத்த 'ஆணை'யில் அவள் பெயர் முதலில் இருந்ததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று: ரான் அந்த ஆணையைத் தன் சிறு குழுவினரிடம் காட்டினான். கடவுள் தங்களோடு பேசுகிறார் என்று நம்பி, சபைக்கு வெளியே கூடியவர்கள் அவர்கள். அவர்கள்கூட அதை ஏற்கவில்லை. கொலையைத் தடுக்கவும் இல்லை.

இவை எல்லாம் நூலிலேயே இருக்கின்றன. க்ராகௌர் எதையும் மறைக்கிறவர் அல்ல. ஆனால் தகவலாகச் சொன்னதை அவர் பார்வை உள்வாங்கவில்லை. கத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்க 150 வருஷம் பின்னால் போகிறவர், அந்த மறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு வருஷம்கூடப் போவதில்லை. அதனால் மதம் கொலையாளியின் சொத்தாகிவிடுகிறது. அவளுக்கு மிஞ்சுவது 'நல்ல பெண்' என்ற பட்டம்.

நான் ஆஸ்திகன் அல்ல. சபைக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. நூல் வெளியாகுமுன்பே சபை அதைக் கண்டித்தது. கொலைகாரர்கள் எங்களவர் அல்லர் என்பது அதன் நிலை. ஏட்டில் சரி. ஆனால் கடவுள் இன்றும் தனிமனிதனோடு பேசுவார் என்ற நம்பிக்கையை ரான் தெருவிலிருந்து பொறுக்கவில்லை, வீட்டில் கற்றான். மனைவி பிள்ளைகளோடு பிரிந்ததும், பணமுடையும், அவமானமும் அவனிடம் சேர்ந்தபோது, அவை பேசுவதற்கு அந்த மொழி தயாராக இருந்தது. எழுத்தாளர் எல்லாப் பாரத்தையும் மதத்தின்மேல் ஏற்றுகிறார். சபை எல்லாவற்றையும் இறக்கிவைக்கிறது.

நூலின் சிறந்த பகுதி ரானின் 1996 மறுவிசாரணை. கடவுள் பேசினார் என்பவன் பைத்தியம் என்றது எதிரித் தரப்பு. அப்படியானால் ஜெபிக்கிற எல்லோரும் பைத்தியமா, இது வெறும் நம்பிக்கை, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்றது அரசுத் தரப்பு. அவனுக்கு மரண தண்டனை வாங்க மதம் சகஜமானது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது! இந்த முரணை க்ராகௌர் பிரமாதமாகப் பிடிக்கிறார். அதே நியாயம் தன் நூலையும் தொடுகிறது என்று அவருக்குப் படவில்லை. (ரான் 2019இல் சிறையிலேயே இறந்தான்.)

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். இந்த வகை எழுத்தின் மறுமுனையில் இந்தியர்கள் நின்றதுண்டு. அப்ரூவர்களின் வாக்குமூலத்தை வைத்து மெடோஸ் டெய்லர் எழுதிய 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ தக்' 1839இல் வந்தது. பவானியின் பேரால் கழுத்தை நெரித்தவர்களின் கதை. அதற்கு 3 வருஷம் முன்பே கம்பெனி சட்டம் போட்டுவிட்டது: குறிப்பிட்ட ஒரு கொலையை நிரூபிக்க வேண்டாம், தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்றாலே ஆயுள் தண்டனை. நம்பிக்கைதான் காரணம் என்று ஒரு தரம் முடிவு கட்டிவிட்டால் அடுத்த படி இதுதான். செய்தது போய், சேர்ந்திருப்பதே குற்றமாகும்.

மதம் கொலைக்கு மொழி தருகிறது என்று எழுதுவது நியாயம், அவசியமும்கூட. ஆனால் அந்த வாசலில் நின்று 'முடியாது' என்றவளும் அதே மொழியில்தான் சொன்னாள். அவள் சொன்னதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதாத புத்தகம், கொன்றவனிடம் கடவுளின் அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறது.

புத்தகத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தபோது இதைச் சொன்னேன். 'அவள் செத்துவிட்டாளே, யாரிடம் கேட்பது?' என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தப் புத்தகம் தொடங்கியிருக்க வேண்டும்.