சார்பும் சோடாப் புட்டியும்

கணித வகுப்பில் ‘சார்பு’ என்றதும் பல பள்ளிகளில் ஓர் அட்டைப் பெட்டி வந்துவிடுகிறது. ஒரு துளையில் 3 என்றெழுதிய சீட்டைப் போட்டால் மறு துளையில் 7 வரும். 5 போட்டால் 11. “இரட்டித்து ஒன்று கூட்டணும் சார்!” என்று பிள்ளைகள் கூவுவார்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணை வர்க்கமாக்கி, அவ்வெண்ணின் ஆறு மடங்கைக் கழித்து, 16 கூட்டிப் பாருங்கள். அதே 7, அதே 11! பெட்டிக்குள் இருந்தது எந்த விதி? இவ்விளையாட்டு சூத்திரத்தை ஊகிக்கப் பழக்குகிறது. சூத்திரம் இல்லையேல் சார்பும் இல்லை என்ற தவறான எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது.

2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணித நூலின் முதல் இயல் ‘உறவுகளும் சார்புகளும்’. அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடிகள், வரைபடம் என நான்கு வழிகளில் சார்பைக் காட்டுகிறது, நல்ல ஏற்பாடு. வகுப்போ பெரும்பாலும் அம்புக்குறியோடு நின்றுவிடுகிறது. ஓர் அளவு மாறினால் அதைச் சார்ந்த மற்றோர் அளவும் மாறும் என்பதே 1755இல் ஆய்லர் தந்த விளக்கம். இயற்பியல் ஆசிரியனான எனக்கு வேண்டியதும் அதுதான். கல்லூரிக்கு வரும் மாணவர் புள்ளிகளைச் சரியாகக் குறிக்கிறார். வளைகோடு என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்.

பெட்டிக்குப் பதில் ஒரு சோடாப் புட்டியை எடுங்கள். சிறு மூடியால் அளந்தளந்து நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நீரின் உயரத்தை அளவுகோலால் குறித்து வரைபடம் போடுங்கள். புட்டி ஒரே அகலமாயுள்ள வரை நேர்கோடு. கழுத்து குறுகக் குறுகக் கோடு செங்குத்தாக நிமிரும். பிறகு வெவ்வேறு புட்டிகளின் வரைபடங்களைக் கலைத்துப் போட்டு, எது எந்தப் புட்டியுடையது என்று கேளுங்கள். சூத்திரம் எதுவுமின்றியே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி, வாசலிலேயே கடல். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைக்கான உயர் ஓத, தாழ் ஓத நேரங்களும் உயரங்களும் உண்டு. ஒரு நாளின் புள்ளிகளைக் குறித்து வழுவழுப்பான கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். உயர் ஓதம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை வரும். ஒரு நொடியில் நீர்மட்டம் இரண்டு உயரங்களில் இருக்க முடியுமா? முடியாது. குத்துக்கோட்டுச் சோதனையின் பொருள் அவ்வளவே! ஆனால் இடைப்பட்ட ஓர் உயரத்தை நீர் நாளொன்றில் மூன்று நான்கு முறை தொடும்; ஆகவே உயரத்தைச் சொல்லி நேரத்தைக் கேட்டால் ஒரே விடை வராது. தாழ் ஓதம் முதல் அடுத்த உயர் ஓதம் வரை மட்டும் மதிப்பகத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இப்போது வரும்.