கடல்கோளும் வற்கடமும்: இறையனார் களவியலுரையில் நாகரிக அழிவின் அளவுகோல்

ஆய்வுச் சுருக்கம்

பேரழிவு ஒன்று எப்போது ஒரு நாகரிகத்தின் முடிவாகக் கருதப்படுகிறது என்னும் வினாவைத் தமிழ் மரபின் கடல்கோள் செய்திகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கலித்தொகை, சிலப்பதிகாரம், மணிமேகலை, இறையனார் களவியலுரை, அடியார்க்குநல்லார் உரை ஆகியவை கடல்கோளைப் பேசினும், அவை இழப்பை அளக்கும் முறை வேறுபடுகிறது. களவியலுரையின் பாயிரப் பகுதி, நிலத்தை விழுங்கிய கடலைக் காட்டிலும் பொருளிலக்கணம் வல்லாரை இல்லாமற்செய்த பஞ்சத்திற்கே கூடுதல் இடம் தருகிறது என்பதும், கற்றல் தொடர்ச்சி அறுபடுதலே அவ்வுரையில் அழிவின் அளவுகோல் என்பதும் நிறுவப்படுகின்றன. இவ்வளவுகோலை இருபதாம் நூற்றாண்டின் குமரிக்கண்டச் சொல்லாடல் மாற்றியமைத்ததன் விளைவும் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கடல்கோள், வற்கடம், முச்சங்கம், களவியலுரை, ஏட்டுச்சுவடி, குமரிக்கண்டம்

முன்னுரை

முச்சங்க வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்துள்ளன: அது நடந்ததா, இல்லையா? எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் களவியலுரைச் செய்தியைப் பிற்காலப் புனைவாகக் கண்டனர். தேவநேயப் பாவாணர் போன்றோர் அதை வரலாற்றுச் சான்றாக ஏற்றனர். இரு தரப்பும் எதிரெதிர் முடிவுகளை அடைந்தாலும், அந்த உரைப்பகுதியைத் தகவலுக்காக மட்டுமே வாசித்தன என்பதில் ஒன்றுபடுகின்றன. அப்பகுதி எதை இழப்பு எனக் கணக்கிடுகிறது, எதைக் கணக்கில் கொள்ளாமல் விடுகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை.

உயிரிழப்பின் அளவோ நிலப்பரப்பின் அளவோ மட்டும் ஒரு பேரழிவை நாகரிக முடிவாக்கிவிடுவதில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இந்தியப் பெருங்கடற் கரை நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இவற்றை எவரும் தமிழ் நாகரிகத்தின் முடிவு என எழுதவில்லை. மாறாக, 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலானபோது, அது ஓர் இனத்தின் நினைவே அழிக்கப்பட்டதாக உணரப்பட்டது. இந்த வேறுபாட்டின் பின்னே ஓர் அளவுகோல் இயங்குகிறது. அதன் பழைய வடிவத்தைக் களவியலுரையில் காணலாம்.

நிலம் இழந்த வேந்தன்

கடல்கோளைக் குறிப்பிடும் பழைய பாடல்களில் அது முடிவாகக் கருதப்படவில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில் (104) ஏறுதழுவுதலைப் பாடும் ஒரு பாடல், பாண்டியனின் நிலத்தைக் கடல் கவர்ந்த செய்தியுடன் தொடங்குகிறது. அடுத்து வருவது புலம்பல் அன்று. இழந்த நிலத்திற்கு ஈடாகப் பாண்டியன் பகைவர் நிலங்களை வென்று, புலியும் வில்லுமாகிய இலச்சினைகளை நீக்கித் தன் மீன் இலச்சினையைப் பொறித்தான் எனப் பாடல் புகழ்கிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் பாண்டியனை வாழ்த்தும் இடமும் இத்தகையதே. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதும், பாண்டியன் வடதிசைக் கங்கையையும் இமயத்தையும் கொண்டதும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன.

இவ்விரு இடங்களிலும் இழப்பு நிலத்தால் அளக்கப்படுகிறது. நிலத்தால் அளக்கப்படுவதாலேயே அது ஈடுசெய்யக் கூடியதாகிறது. தென்னிலத்திற்கு வடநிலம் ஈடாகும்போது கடல்கோள் வேந்தனின் ஆற்றலைக் காட்டும் வாய்ப்பாக மாறிவிடுகிறது.

மணிமேகலையின் நிலை வேறு. மகனை இழந்த துயரில் சோழன் இந்திரவிழாவை மறந்தமையால் புகார் கடல்கோளுக்கு உள்ளாகிறது. இங்கு இழப்பைப் போர்வெற்றியால் ஈடுசெய்ய வழியில்லை. எனினும் அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் புகாரை நீங்கிப் பிழைக்கின்றனர். மணிமேகலை காஞ்சியில் அறம் கேட்கிறாள். நகரம் முடிகிறது, அறத்தைக் கற்பிப்போரும் கற்போரும் எஞ்சியிருப்பதால் காப்பியம் தொடர்கிறது. களவியலுரை முழுமையாக விரித்துரைக்கும் கருத்தின் தொடக்கம் இங்கே காணப்படுகிறது.

களவியலுரையின் கணக்கு

களவியலுரை முச்சங்கங்களை எண்களால் விவரிக்கிறது. தலைச்சங்கத்தில் 549 புலவர் வீற்றிருந்தனர். 4,449 பேர் பாடினர். 89 பாண்டியர் காலத்தில் 4,440 ஆண்டுகள் அது நிலவியது. இடைச்சங்கத்தில் 59 புலவர், பாடியோர் 3,700 பேர், அரசர் 59 பேர், ஆண்டுகள் 3,700. கடைச்சங்கத்தில் 49 புலவர், பாடியோர் 449 பேர், அரசர் 49 பேர், ஆண்டுகள் 1,850. இவ்வெண்கள் வரலாற்றுக் கணக்காக நிற்க மாட்டா என்பது பலரால் சுட்டப்பட்டுள்ளது. மூன்று காலங்களையும் கூட்டினால் 9,990 ஆண்டுகள் வருவதே அவற்றின் வாய்பாட்டுத் தன்மையைக் காட்டும்.

இக்கட்டுரைக்கு வேண்டுவது எண்களின் உண்மையன்று. எண்ணப்பட்டவை எவை என்பதே. வீற்றிருந்த புலவர், பாடியோர், பாடிய நூல்கள், பயன்பட்ட இலக்கணம், சங்கம் இரீஇய அரசர், அவருள் கவியரங்கேறினோர் ஆகியோரை உரை எண்ணுகிறது. கடலில் மாண்டோர் எத்தனை பேர், மூழ்கிய ஊர்கள் எத்தனை, அலையின் உயரம் என்ன என்பவற்றுள் எதையும் அது எண்ணவில்லை. முதற் சங்கம் இருந்த மதுரைக்குக் 'கடல்கொள்ளப்பட்ட' என்னும் அடைமொழி மட்டுமே கிடைக்கிறது. கபாடபுரம் பற்றிய இடத்தில் பாண்டியநாட்டைக் கடல்கொண்ட செய்தி 'போலும்' என்னும் ஐயக்குறிப்போடு ஒரே தொடரில் முடிகிறது. பிற்காலத்தார் பெருங்காட்சியாக விரித்த நிகழ்வு, அதற்கு மூலமான உரையில் காட்சியாகவே இடம்பெறவில்லை.

அதற்கு மாறாக, தொடர்ச்சியைக் காட்டும் கூறுகள் கவனத்துடன் வைக்கப்பட்டுள்ளன. தலைச்சங்கத்திற்கு இலக்கணமான அகத்தியம் இடைச்சங்கத்திற்கும் கடைச்சங்கத்திற்கும் இலக்கணமாகிறது. இடைச்சங்கத்தில் இடம்பெறும் தொல்காப்பியம் கடைச்சங்கத்திற்கும் உரியது. இடைச்சங்க அரசர் வரிசையின் இறுதியில் நிற்கும் முடத்திருமாறனே கடைச்சங்க வரிசையின் முதல்வன். கடல் இரு சங்கங்களைப் பிரிக்க, ஓர் அரசனும் ஓர் இலக்கணமும் அவற்றை இணைக்கின்றனர். நாடு மூழ்கியும் சங்கம் மீண்டும் கூடுகிறது. ஆகவே, களவியலுரையின் நோக்கில் கடல்கோள் ஓர் இடையீடே, முடிவு ஆகாது.

வற்கடம்: உண்மையான முறிவு

பாயிரத்தின் அமைப்பை நோக்கினால் இக்கருத்து வலுப்பெறும். நூல் தோன்றிய காலத்தை விளக்கும் இடத்தில் முச்சங்க வரலாறும் அதனுள் கடல்கோளும் வருகின்றன. நூல் தோன்றிய காரணத்தை விளக்கும் இடத்தில் வருவது கடல் அன்று. பாண்டியநாட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் வருத்திய வற்கடம்.

கடல்கோளுக்கு ஒரு தொடரை ஒதுக்கிய உரை, இங்கே கதையாக விரிகிறது. பசி மிகவே அரசன் புலவர்களை அழைத்துத் தன்னால் அவர்களைப் பேண இயலாமையைச் சொல்லி, நாடு மீண்டபின் தன்னை நினைந்து வருமாறு விடைகொடுக்கிறான். மழை பெய்து நாடு செழித்தபின் ஆட்களைப் போக்கித் தேடுகிறான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைக்கின்றனர். பொருளதிகாரம் வல்லார் மட்டும் கிடைக்கவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வது பொருளின் பொருட்டு அன்றோ என அரசன் கவல்கிறான். மழையும் விளைவும் மக்களும் திரும்பியபின் எழும் கவலை இது என்பது நோக்கத்தக்கது. ஒரு நாடு பஞ்சத்திலிருந்து முழுமையாக மீண்டும், ஒரு துறையில் கற்பிக்க ஆளின்றி நிற்கலாம் என்பதை இக்கதை உணர்ந்திருக்கிறது. பசியால் இறந்தோரைப் பற்றியும் உரை எதுவும் கூறவில்லை. இந்த மௌனம் அதன் அளவுகோலின் கூர்மையையும் அதன் குறையையும் ஒருங்கே காட்டுகிறது.

அரசனின் துயர் தீர ஆலவாயில் அவிர்சடைக் கடவுள் அறுபது சூத்திரங்களைச் செப்பிதழ்களில் எழுதித் தருகிறார். நூல் கிடைத்தவுடன் கதை முடிந்திருக்கலாம், ஆனால் முடியவில்லை. புலவர்கள் ஆளுக்கொரு பொருள் உரைக்க, மெய்யுரை எது எனத் தெரியாமல் திகைக்கின்றனர். ஊமைச் சிறுவனான உருத்திரசன்மன் கேட்டு உணர்ந்து, நக்கீரர் உரைக்குக் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்த பின்னரே குறை நீங்குகிறது. எனவே நூல் கைவசம் இருப்பது மட்டும் மீட்சியாகாது. அதை உரைப்போரும் அறிந்து கேட்போரும் வேண்டும். இதையடுத்து நக்கீரர் முதல் முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாக அவ்வுரை வாய்மொழியாக வந்த ஆசிரிய வழி பெயர் பெயராகச் சொல்லப்படுகிறது. முறிவை விவரித்த உரை, தன்னை முறியாத தொடராக நிறுவிக்கொண்டே பாயிரத்தை நிறைவுசெய்கிறது.

அளவுகோலின் மாற்றம்

சிலப்பதிகார வேனிற்காதை உரையில் அடியார்க்குநல்லார், பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட எழுநூற்றுக் காவத நிலத்தையும், ஏழ்தெங்கநாடு முதலாகிய நாற்பத்தொன்பது நாடுகளையும் வரிசைப்படுத்துகிறார். நூல்களையும் புலவர்களையும் எண்ணிய கணக்கின் பக்கத்தில் நிலத்தின் கணக்கும் இங்கே விரிவாக இடம்பெறுகிறது.

லெமூரியாக் கருதுகோளுக்கு அடியார்க்குநல்லார் தரும் பட்டியல் வாய்ப்பாக அமைந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட உயிரின ஒற்றுமைகளை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் முன்வைத்த கருதுகோள் அது. கண்டத்தட்டு நகர்வுக் கோட்பாடு 1960களில் நிலைபெற்றபின் நிலவியலுக்கு அது தேவையற்றதாயிற்று. எனினும் தமிழ்ச் சூழலில் அது குமரிக்கண்டமாக வாழ்வு பெற்றது. சுமதி ராமசாமி 2004இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் இழப்புணர்வின் வழியே இவ்வாழ்வை விரிவாக ஆராய்ந்துள்ளார். பனியுகத்திற்குப் பின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்ததும், இன்றைய பாக் நீரிணைப் பகுதி ஒருகாலத்தில் நிலமாக இருந்ததும் அறிவியல் ஏற்கும் செய்திகளே. கரையோர நிலம் மூழ்கியதற்கு இவை சான்றாகலாம். ஒரு கண்டம் மூழ்கியதற்கு ஆகமாட்டா.

இங்கு எழும் சிக்கல் நிலவியலோடு முடிவதில்லை. குமரிக்கண்டச் சொல்லாடலில் நூல்கள் நிலத்தின் உடைமைகளாக, நிலத்தோடு மூழ்கியவையாகப் பேசப்படுகின்றன. அதனால் இழப்புக்குக் காரணம் முழுவதும் இயற்கையின்மேல் ஏற்றப்பட்டு, பேணத் தவறியவர் பொறுப்பு மறைகிறது.

இதைக் களவியலுரையின் மூன்றாம் பட்டியலே வெளிப்படுத்தும். கடைச்சங்க நூல்களாக அது எழுபது பரிபாடலையும், கூத்து, வரி, சிற்றிசை, பேரிசை என்பவற்றையும் குறிக்கிறது. இன்று பரிபாடலில் முழுமையாகக் கிடைப்பவை 22 பாடல்களும் சில உறுப்புகளுமே. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. கூத்தும் வரியும் சிற்றிசையும் பேரிசையும் பெயரளவில் எஞ்சியுள்ளன. கடைச்சங்கத்திற்குப் பின் எந்தக் கடல்கோளும் சொல்லப்படவில்லை. செல்லும் ஈரமும் படியெடுப்பாரின்மையும் அவற்றைக் கொண்டன. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பதிப்பிக்கப் புகுந்தபோது எதிர்கொண்டவை இவையே. கோயில் ஒன்றில் பழைய ஏடுகள் தீயிலிடப்பட்ட செய்தியை உ.வே.சா. வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். முதல் இரு பட்டியல்களின் இழப்பைப் பேசும் அளவுக்கு மூன்றாம் பட்டியலின் இழப்பு பேசப்படாமைக்குக் காரணம், அதற்குக் குற்றஞ்சாட்டக் கடல் இல்லாமையே.

முடிவுரை

பேரழிவு எவ்வளவு பெரிது என்பதைக் கொண்டு நாகரிக முடிவைத் தீர்மானிக்க இயலாது என்பதைத் தமிழ் நூல்களின் கடல்கோள் செய்திகள் காட்டுகின்றன. பழம்பாடல்களில் நில இழப்பு வேறு நிலத்தால் ஈடாகிறது. மணிமேகலையில் நகரம் அழிய அறம் தொடர்கிறது. களவியலுரையில் நாட்டைக் கொண்ட கடலுக்குப் பின்னும் சங்கம் கூடுகிறது. பொருளதிகாரம் உரைப்பார் இல்லாமற்போன நிலையே இறைவன் தலையிட வேண்டிய பேரிழப்பாகிறது.

இவ்வளவுகோல் குறையற்றது அன்று. இறந்தோரை எண்ணாத கணக்கு, கற்றோரின் கணக்கு மட்டுமே. ஆயினும் ஆய்வுலகத்திற்கு அது ஒரு கடமையை உணர்த்துகிறது. பதிப்பு காணாத சுவடிகள் நூலகங்களிலும் மடங்களிலும் வீடுகளிலும் இன்றும் உள்ளன. பழைய எழுத்தை வாசிக்கப் பயின்றோர் சிலரே. இந்நிலையில் மூழ்கிய கண்டத்தைத் தேடுவதினும் கையிலிருக்கும் ஏட்டைப் படிக்கக் கற்பிப்பதே களவியலுரைக்கு நெருக்கமான பணி. அதில் வரும் பாண்டியன் கடல்கொண்ட நாட்டைத் தேடி ஆட்களை அனுப்பவில்லை. கற்பிக்க வல்லாரைத் தேடியே அனுப்பினான்.