தட்டுக்குள் மடித்த தெருக்கள்

காருக்கு வழி சொல்லும் கருவி என்றதும் பலரும் நேரே செயற்கைக்கோளுக்குத் தாவிவிடுகிறார்கள். 1987-இல் டொயோட்டா கிரவுன் காரில் குறுந்தகட்டு வரைபடம் வந்தபோது அதில் ஜி.பி.எஸ். கிடையாது. சக்கரம் எவ்வளவு ஓடியது, வண்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற இரண்டையும் வைத்தே இருக்குமிடத்தைக் கணித்தார்கள். டயர் தேய்ந்தால் கணக்குப் பிசகும். பக்கத்தில் இரும்புப் பாலம் வந்தால் காந்தத் திசைகாட்டி தடுமாறும்.

அந்தப் பிசகைத் திருத்துவதில் மூத்த பாணி கலிபோர்னியாவின் ஈட்டாக் நிறுவனத்துடையது. 1985-இல் வந்த அதன் கருவி கேசட்டில் வரைபடம் வைத்திருந்தது. கார் சாலையில்தானே ஓடும்? வண்டி வலப்புறம் திரும்பினால், அருகே வலப்புறம் பிரியும் தெருவைத் தேடி, காரின் குறியை அதன்மேல் இழுத்து வைத்துவிடும். ஈட்டாக் என்பது பசிபிக் தீவு மாலுமிகளின் கணிப்பு முறைக்குப் பெயர். அவர்கள் கணக்கில் படகு நிற்கும், தீவுகள் நகரும்; கருவியின் திரையிலும் கார் நிற்க, ஊர் நகர்ந்தது. பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்! இதே நுட்பத்தை உரிமம் பெற்றுக் குறுந்தகட்டுக்கு மாற்றியதுதான் 1989-இல் வந்த போஷின் டிராவல்பைலட்.

தட்டில் 650 மெகாபைட் கொள்ளும் என்று அன்று வியந்தார்கள். எனக்கு வியப்பு வேறிடத்தில். நொடிக்கு 150 கிலோபைட் வேகத்தில் அந்தத் தட்டு முழுவதையும் படித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். லேசர் முனை ஓரிடம் விட்டு மற்றோரிடம் போவதும் மெதுவாகத்தான். காரோ காத்திருக்காது. ஆகவே நாட்டைக் கட்டம் கட்டமாக வெட்டி, அடுத்தடுத்த ஊர்கள் தட்டிலும் கூடுமானவரை பக்கத்தில் அமையும்படி அடுக்கினார்கள். கார் ஒரு கட்டத்தின் விளிம்பை நெருங்கும்போதே அடுத்த கட்டம் நினைவகத்துக்கு வந்துவிடும். சந்துபொந்துகள் கீழடுக்கில், நெடுஞ்சாலைகள் மட்டும் மேலடுக்கில். தொலைதூர வழியைத் தேடும்போது கிளம்பும் ஊரிலும் சேரும் ஊரிலும் மட்டும் கீழடுக்கைத் துழாவி, நடுவழியை மேலடுக்கிலேயே கடந்துவிடும். வித்தை முழுதும் இந்த அடுக்கலில்தான்.

ஜப்பான் பாணி 1990-இல் ஜி.பி.எஸ்.ஸைச் சேர்த்துக்கொண்டது, மஸ்தாவின் யூனோஸ் காஸ்மோவிலும் பயனியரின் கருவியிலும் அது வந்தது. ஆனால் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்த பிழையால் 2000 மே மாதம் வரை நூறு மீட்டர் வரைகூடத் தவறும். எனவே பழைய சக்கரக் கணக்கைக் கைவிட முடியவில்லை. ஐரோப்பாவில் பிலிப்ஸின் ‘காரின்’ (CARIN) என்ற வழிகாட்டிக் கருவி 1994-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக்குள் ஏறியது.

தரநிலைகளில்தான் குழப்பம். ஐரோப்பாவில் பிறந்த ஜி.டி.எஃப். என்பது வரைபடம் தயாரிப்பவர்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொதுமொழி. காரில் செருகும் தட்டுக்கு அது பொருந்தாது. தட்டுக்கேற்ற அடுக்கலை ஒவ்வொரு கம்பெனியும் தன் கருவிக்குத் தக்கபடி செய்துகொண்டது. ஒருவர் தட்டு இன்னொருவர் கருவியில் ஓடாது. அதை மாற்றத்தான் ஜப்பானிய நிறுவனங்கள் சில கூடிக் கிவி என்ற வடிவத்தை வகுத்தன. ஜி.டி.எஃப். 2004-இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2001-இல், பயனியர் தட்டை விட்டுவிட்டு வரைபடத்தைக் காருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்குக்கு மாற்றியிருந்தது.