இயற்பெயர் என்னும் குறிப்பு: புனைபெயர் எழுத்தும் ஆய்வேட்டு வழக்கமும்

தற்கால இலக்கிய ஆய்வேடுகள் பலவற்றின் முதல் இயல் ‘ஆசிரியர் வாழ்வும் படைப்பும்’ என்பதாக அமைகிறது. இயற்பெயர், பெற்றோர், பிறந்த ஊர், கல்வி, பணி என்னும் வரிசை அதில் பெரும்பாலும் மாறுவதில்லை. புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்றும் கல்கியை ரா. கிருஷ்ணமூர்த்தி என்றும் குறிப்பதால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் தம் பெயரை வெளியிடாமல் இணையத்தில் எழுதிவரும் ஒருவரை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும்போதும் இவ்வரிசை அப்படியே பின்பற்றப்படுவது மறுபரிசீலனைக்கு உரியது. புனைபெயர் என்னும் ஒரே சொல்லால் நாம் சுட்டுவன ஒரே தன்மையன அல்ல.

எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவைச் சூடிக்கொண்டதில் மறைவு ஏதுமில்லை, ரா.கி. ரங்கராஜனோடு ஏற்படக்கூடிய பெயர்க்குழப்பம் தவிர்க்கப்பட்டது, அவ்வளவே. அம்பை புனைவுகளையும் சி.எஸ். லக்ஷ்மி ஆய்வுகளையும் எழுதினர். இருவரும் ஒருவரே என்பது ஊரறிந்தது. இங்குப் பெயர் செய்வது எழுத்துத்துறைகளைப் பிரிக்கும் வேலை. சல்மாவின் நிலை முற்றிலும் வேறு. பள்ளிப்படிப்பு இடையில் நிறுத்தப்பட்டு, மணமான பின் புகுந்த வீட்டில் கழிவறைக்குள் ஒளிந்து எழுதிய கவிதைகள், தாயின் உதவியால் வீட்டைக் கடந்து இதழ்களைச் சென்றடைந்தன. அங்குப் பெயர் அலங்காரமன்று. எழுத்து நிகழ்வதற்கான முன்நிபந்தனை. ரொக்கையா என்னும் பெயரை அன்று எவரேனும் ‘தகவல்’ எனக் கருதி அச்சிட்டிருப்பின், ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் நூலாகியிருக்குமா என்பது ஐயமே. பின்னர் 2001இல் அவர் பேரூராட்சித் தலைவரானார். சல்மா என்பதே அவருடைய பொதுவாழ்வுப் பெயராகவும் நிலைத்தது. பெயர் வெளிப்பட்டது உண்மைதான். எனினும் வெளிப்படும் காலம் வரை அது காக்கப்பட்டதை நம் ஆய்வேடுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பாமாவின் ‘கருக்கு’ (1992) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நூலில் ஊர்ப்பெயரைச் சுட்டாமல், புனைபெயரில் எழுதியும், ஊரார் தம்மை அடையாளம் கண்டு சினந்தனர்; சில மாதங்கள் ஆசிரியரால் சொந்த ஊருக்குச் செல்ல இயலவில்லை. அயலாரிடம் காப்பளிக்கும் புனைபெயர் அறிந்தோரிடம் பயனற்றுப்போகலாம். சல்மாவுக்கோ அறிந்தோரிடமிருந்தே காப்பு தேவைப்பட்டது. ஆகவே ‘உண்மைப் பெயர் எது’ என்பதைவிட ‘இப்பெயர் யாரிடமிருந்து மறைக்கிறது’ என்னும் வினாவே ஆய்வுக்குப் பயனுடையது.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் பொறுப்புணர்வு வளரும் என்னும் வாதம் இணையத்தில் வலுவாக முன்வைக்கப்பட்டதுண்டு. தென்கொரியா 2007இல் பெரிய இணையதளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டுமெனச் சட்டமாக்கியது. 2011இல் அந்நாட்டு இணைய நிறுவனம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் களவாடப்பட்டன. மறு ஆண்டே அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. கூகுள் பிளஸும் 2011இல் விதித்த பெயர்க்கட்டுப்பாட்டை 2014இல் கைவிட்டது. சேகரிக்கப்பட்ட பெயர் சேகரித்தவரிடமே தங்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை.

இது நம் துறைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. முன்னர் ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில் உறங்கியது. அங்கே சென்று தேடுவோர் சிலரே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப்பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. களப்பணியில் நம்பிக்கையோடு ஒருவர் தெரிவித்த இயற்பெயரும் ஊரும், சில வேளைகளில் சாதியும், அவருடைய உறவினர் கைப்பேசியிலேயே திறக்கக்கூடிய பக்கமாகிவிடுகின்றன. முதல் இயலின் வரிசையை நிரப்பும் ஆய்வாளர் இதை எண்ணிப்பார்ப்பதாகத் தெரியவில்லை.

மறுப்பு ஒன்று எழும். பெண்ணெழுத்து, தலித் எழுத்து என்னும் வகைப்பாடுகள் எழுதியவர் யார் என்பதைச் சார்ந்தவை. பெயரும் பின்புலமும் அறியாது அவற்றை எவ்வாறு கையாள்வது? இடர் உண்மையானது. பெண்பெயரில் ஆடவர் எழுதுவது இணையத்திலும் நிகழ்கிறது. ஆயினும் பனுவல் தன்னைப் பற்றி முன்வைக்கும் உரிமைகோரலை அவ்வாறே பதிவுசெய்து, அது சரிபார்க்கப்படவில்லை என்று குறிப்பதே நேர்மையான வழி எனத் தோன்றுகிறது. ஐயம் ஆய்வில் எஞ்சலாம். அதைத் தீர்க்கும் பொருட்டு ஒருவரை வெளிப்படுத்தும் உரிமை நமக்கில்லை. செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார் ஆகியோரின் இயற்பெயர் அறியாமலேயே குறுந்தொகையைத் தலைமுறைகளாகப் பயின்று வருகிறோம். அவை புனைபெயர்கள் அல்ல, பாடலின் தொடர்கொண்டு பிறர் இட்டவை என்பது மெய்யே; ஆயினும் பெயரின்மை அப்பாடல்களின் ஆய்வைத் தடுத்ததில்லை.

இயற்பெயர்க் குறிப்பை அடியோடு நீக்க வேண்டியதில்லை. ஆசிரியர் தாமே அச்சிலோ மேடையிலோ வெளியிட்ட பெயரை, வெளியிட்ட இடத்தைச் சுட்டித் தரலாம். ஏனையோருக்கு ‘ஆசிரியர் வெளியிடவில்லை’ என்று எழுதலாம். வாய்மொழித் தேர்வில் அதைக் குறையாகச் சுட்டும் தேர்வாளரிடம், அது விடுபாடன்று, ஆய்வாளரின் முடிவு என விளக்கும் பொறுப்பில் நெறியாளருக்கும் பங்குண்டு.