வாடைக்குப் பயந்த இடையன்

விவால்டியை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், ‘லைனில் காத்திருங்கள்’ என்றதும் குஷியாக ஒரு வயலின் ஓடுமே... பல இடங்களில் அது அவருடைய ‘வசந்தம்’தான். லிஃப்ட், ஓட்டல் வரவேற்பறை, விளம்பரம் என்று எங்கும் இருக்கிறார். இது புகழா, தண்டனையா என்பதுதான் என் சந்தேகம்.

அந்தோனியோ விவால்டி 1678-ல் வெனிஸில் பிறந்தார். 1703-ல் பாதிரியார் ஆனார். செம்பட்டை முடி என்பதால் ‘சிவப்புச் சாமியார்’ என்று பட்டப்பெயர். நெஞ்சு இறுக்கம் என்று சொல்லி, பூசை வைப்பதைச் சீக்கிரமே விட்டுவிட்டார். பியதா என்ற ஆதரவற்ற பெண் குழந்தைகள் இல்லத்தில் வயலின் வாத்தியார் வேலை. அங்கே 1723-ல் ஓர் ஏற்பாடு: மாதம் இரண்டு கான்செர்ட்டோ, ஒன்றுக்கு ஒரு தங்கக் காசு. பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். பீஸ் ரேட்!

கான்செர்ட்டோ என்பது தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் மாறி மாறிப் பேசிக்கொள்வது. மனுஷன் சுமார் 500 எழுதியிருக்கிறார். எல்லாம் ஒரே அச்சு என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. முழுப் பொய்யில்லை. வேகம், நிதானம், மறுபடி வேகம் என்று பெரும்பாலும் ஒரே கட்டுமானம்தான். சிலவற்றில் சரக்கு குறைவு, சுறுசுறுப்பு அதிகம்.

புல்லாங்குழலுக்கு அவர் எழுதிய ஒன்றின் பெயர் ‘பெரிய மொகலாயர்’. தொலைந்துபோய் 2010-ல் எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அட, நம்ம ஊர் விஷயமாச்சே என்று ஆசையாகக் கேட்டால், இந்தியா பெயரில் மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் வெனிஸ்.

ஆனால், ‘நான்கு பருவங்கள்’ தொகுப்பில் வருகிற ‘கோடை’யைக் கேளுங்கள். அதில் நாம் இருக்கிறோம். வெயிலில் ஊரே சோர்ந்து கிடக்கிறது. குயில் கூவுகிறது. மெல்லிய காற்று தொடங்கும்போதே வடக்கிலிருந்து வாடை வந்து அதை விரட்டுகிறது. ஓர் இடையன் அழுகிறான். புயல் இன்னும் வரவில்லை. வரப்போவது தெரிந்து அழுகிறான். படுக்கப் போனால் ஈ மொய்க்கிறது, தூரத்தில் இடி. கடைசிப் பகுதியில் ஆலங்கட்டி மழை கொட்டி, விளைந்த கதிரையெல்லாம் முறித்துப் போடுகிறது. இசை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆறுதல் கிடையாது. இதெல்லாம் என் கற்பனை இல்லை. கூடவே அச்சான கவிதையில் இருக்கிற காட்சிகள்.

அந்தத் தொகுப்பு 1725-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அந்த ஊர் வியாபாரிகளுக்கு நம் கரை நல்ல பழக்கம். 1613-லேயே பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, துணி வாங்கிக் கப்பலேற்றியது டச்சுக் கம்பெனி. அதே பழவேற்காட்டில், ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல் என்று நடுவில் கிடக்கிற மீனவர் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். அங்கே ‘கோடை’க்கு யாரும் உரை எழுத வேண்டியதில்லை. வாடை திரும்பினால் மழைக்காலம். எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்ற வேண்டும். கடலுக்குப் போகாத நாளுக்கு வருமானமும் இல்லை. 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம் என்று இந்தக் கரை பார்த்த புயல்கள் எத்தனையோ. அதற்கு முந்தைய ராத்திரி எப்படியிருக்கும்? அதைத்தான் அந்தச் சாமியார் வயலினில் எழுதியிருக்கிறார். உழைக்கிறவனின் பயம் இது. இதைக் கேட்டுவிட்டு அவரை வெறும் அலங்கார இசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவருடைய அறுவடையும் வீடு வந்து சேரவில்லை. 1741-ல் வியன்னாவில் கையில் காசில்லாமல் செத்தார். உலகம் மறந்தது. 1926-ல்தான் இத்தாலியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் மூட்டையாகக் கிடைத்தன. மீதிப் பாதியும் பின்னால் கிடைத்தது. டூரின் நூலகத்துக்காக அவற்றை வாங்கிக் கொடுக்கப் பணம் போட்டவர்கள் இருவர். ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் துணி ஆலைக்காரர். இருவருமே சின்ன வயதில் இறந்துபோன தங்கள் மகன்களின் நினைவாகக் கொடுத்தார்கள். இரண்டு அப்பாக்களின் துக்கத்தால் நமக்குக் கிடைத்த சொத்து அது.

‘வசந்தம்’ எங்கே போனாலும் காதில் விழும். ‘கோடை’யை நாமாகத் தேடித்தான் கேட்க வேண்டும். சுமார் பத்து நிமிஷம்தான். லைட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.