ரேடியேட்டர் மறைக்கும் வானம்

விமர்சகருக்கு எழுத்தாளர் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் பெர்னார்ட் பீட்டன்பாலைத்தான் காட்டுவேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற குட்டி ஊர்க்காரர். தானாகவே கற்றுக்கொண்ட மெக்கானிக். 'மாடர்ன் மெக்கானிக்ஸ்' இதழின் ஆசிரியர் வெஸ்டன் ஃபார்மரோ, கார் இன்ஜினை மாட்டி விமானம் ஓட்டுவதெல்லாம் ஆகிற காரியமில்லை என்ற கட்சி. பீட்டன்பால் நீண்ட வாதத்தில் இறங்கவில்லை. 1930ல், ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜின் பொருத்திய தன் விமானங்கள் இரண்டை மினியாபொலிஸ் பக்கத்திலிருக்கும் ராபின்ஸ்டேலுக்குப் பறக்க வைத்து, ஆசிரியர் கண்முன்னால் கொண்டுவந்து இறக்கினார். ஃபார்மர் கட்சி மாறினார். அந்த 'ஏர் கேம்பர்' விமானத்தின் வரைபடமும் செய்முறையும் அதே பத்திரிகை வழியாகவே வெளிவந்தன. 1932ன் 'ஃப்ளையிங் அண்ட் கிளைடர் மேனுவல்' தொகுப்பிலும் இடம்பெற்றன.

இந்தச் செய்முறையை நான் இலக்கியமாக வாசிக்கிறேன். சிரிக்க வேண்டாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு பிரதியும் இருக்கிறது: பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மின்யே 1934ல் வெளியிட்ட 'ல ஸ்போர் த லேர்'. அதுவும் வீட்டிலேயே விமானம் கட்டுவது பற்றித்தான். இரண்டில் ஒன்றுதான் எழுத்தாக என்னை மயக்கியது. மயக்கிய பிரதிதான் ஆட்களைக் கொன்றது. என்னைத் தொந்தரவு செய்வது அதுதான்.

முதலில் இன்ஜினைப் புரிந்துகொள்ள வேண்டும். கார் இன்ஜின் பெரிய சோம்பேறி. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அதன் முழு சக்தியில் நாலில் ஒரு பங்கு செலவானாலே அதிகம். விமானத்தில் அந்தச் சலுகை கிடையாது. மேலேறும்போது முழு சக்தி. ஏறிய பிறகும் மணிக்கணக்கில் முக்கால் பங்கு. அதோடு புரொப்பெல்லரின் இழுவிசையை யாராவது தாங்க வேண்டும். காரின் கிராங்க்‌ஷாஃப்டுக்கு முன்னும் பின்னும் இழுபட்டுப் பழக்கமில்லை. காரில் இன்ஜின் நின்றால் ஓரங்கட்டி போனட்டைத் திறக்கலாம். மேலே ஓரம் என்று ஒன்று இல்லை. அதனால்தான் விமான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு தனித்தனி மேக்னெட்டோ.

அடுத்தது வேகம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 2200 முறை சுற்றினால் அதன் நுனி நொடிக்குச் சுமார் 230 மீட்டர் போகும். ஒலியின் வேகம் 340 சொச்சம். சரி, தாங்கும். அதையே 5000 முறை சுற்றினால் நுனி 520 மீட்டரைத் தாண்டிவிடும். காதைக் கிழிக்கும் சத்தம் வருமே தவிர உருப்படியான இழுவிசை வராது. மாடல் ஏ இன்ஜின் 3.3 லிட்டர் கொள்ளளவு கொண்டது. நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு. அது 40 குதிரைசக்தியை வெறும் 2200 சுற்றில் தந்துவிடும். நம்மூர் மாருதி 800ம் கிட்டத்தட்ட அதே சக்தியைத் தரும், 0.8 லிட்டரில், ஆனால் 5000 சுற்றில். அதைப் பறக்கவிட நடுவில் பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கே முறுக்கதிர்வு என்கிற இன்னொரு பிசாசு காத்திருக்கும். பீட்டன்பாலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. புரொப்பெல்லரை நேராக கிராங்க்‌ஷாஃப்டின் ஃப்ளைவீல் முனையிலேயே பூட்டினார். பேட்டரி இக்னிஷனை நீக்கி மேக்னெட்டோ வைத்தார். இன்ஜினின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டார்.

எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் ஒரு எழுத்தாளனின் கை தெரியும். ஏர் கேம்பரின் படத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ரேடியேட்டர். விமானி உட்கார்ந்து பார்க்கிற திசையில், இன்ஜினுக்கு மேலே, நட்டுக்குத்தலாக நிற்கும். அழகில்லை. முன்னால் என்ன இருக்கிறதென்று பார்க்க விமானி தலையைப் பக்கவாட்டில் சாய்த்து எட்டிப் பார்க்க வேண்டும். ஒளித்துவைத்திருக்கலாம். வைக்கவில்லை. தண்ணீரால் குளிரும் கார் இன்ஜினைப் பறக்க வைப்பதன் விலை இதுதான் என்று வடிவமைப்பே வாசகனிடம் சொல்லிவிடுகிறது. தன் குறையை முகத்திலேயே மாட்டிக்கொண்டு திரிகிற வடிவம் அது.

மின்யே நேரெதிர். அவரும் அமெச்சூர்தான். வழக்கமான விமானத்தின் கையையும் காலையும் ஒருங்கிணைத்து ஓட்ட அவருக்கு வரவில்லை. குறையைத் தன்னிடம் தேடாமல் விமானத்திடம் தேடினார். கால் பெடல் கிடையாது, அய்லரான் கிடையாது, ஒரே குச்சி. முன் இறக்கை முழுவதுமே மேலும் கீழும் சாயும். 'பூ து சியேல்', வானத்துப் பேன் என்று செல்லப்பெயர். 1933 செப்டம்பரில் பறந்தது. அடுத்த ஆண்டு வந்த புத்தகம், கட்டுவது எப்படி, தானாகவே பறக்கப் பழகுவது எப்படி என்று இரண்டையும் தோளில் கைபோட்டுச் சொல்லித்தந்தது. நிபுணர்கள் மீது நையாண்டி, சாமானியன் மீது அளவற்ற நம்பிக்கை. 1935 ஆகஸ்டில் அவரே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்துபோய் இங்கிலாந்தில் இறங்கினார். அங்கே பித்துப் பிடித்தது. சர் ஜான் கார்டன் என்ற பொறியாளர் ஃபோர்டு காரின் 1172 சிசி இன்ஜினை வானத்துப் பேனுக்காக மாற்றியமைத்தார். கொட்டகைகளிலும் வீட்டு முற்றங்களிலும் ஆட்கள் பலகை அறுக்கத் தொடங்கினார்கள்.

பிறகு விழத் தொடங்கினார்கள். மூக்கு கீழே சாய்ந்த விமானம் நிமிரவேயில்லை. 1936ல் முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மூக்கு தாழ்ந்துவிட்டால் முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றையொன்று பாதித்து, குச்சியை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லாமல் போகிறது என்று தெரிந்தது. கவனியுங்கள், பழி கார் இன்ஜின் மேல் இல்லை. வீட்டில் கட்டினார்கள் என்பதன் மேலும் இல்லை. பிழை வடிவமைப்பில் இருந்தது.

அப்படியானால் எழுத்தின் மேல் என்ன குற்றம்? மின்யே பொய் சொல்லவில்லை. தானே கட்டி, தன் உயிரை வைத்தே பறந்தார். பின்னாளில் வடிவமைப்பைத் திருத்தவும் செய்தார். ஆனால் அவர் பறந்து பார்த்த எல்லைக்குள் மட்டும் உண்மையாக இருந்த ஒன்றை, அவர் நடை எல்லையே இல்லாத உண்மையாக்கிவிட்டது. 'எனக்கு நடந்தது' என்பதற்கும் 'உனக்கும் நடக்கும்' என்பதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நல்ல உரைநடையால் அந்தப் பள்ளத்தை வாசகன் கண்ணுக்கே தெரியாமல் மூடிவிட முடியும்.

இதை ஏதோ தூரத்துக் கதையாக எழுதவில்லை. வேலையில் நான் நன்றாக டாக்குமெண்ட் எழுதுகிறவன் என்று பெயர். டேட்டாபேஸ் ஒன்றைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றும் செய்முறையைச் சில வருடங்களுக்கு முன் எழுதினேன். நகைச்சுவையெல்லாம் வைத்து, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். நான் சோதித்த அளவுக்கு அது உண்மை. ஜூனியர் பெண் ஒருத்தி ராத்திரி இரண்டு மணிக்கு அதைவிடப் பல மடங்கு பெரிய டேபிள் மேல் அதை ஓட்டினாள். எல்லாம் பூட்டிக்கொண்டது. விடியும்வரை சர்வீஸ் இல்லை. காலை மீட்டிங்கில் திட்டு அவளுக்குத்தான் விழுந்தது. அப்புறம் கேன்டீனில் சொன்னாள்: "நீங்க எழுதுனதப் படிச்சப்ப எனக்கு பயமே வரலண்ணா." பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை.

சரி, வறட்டு நடைதான் அறம் என்று முடித்துவிடலாமா? அதுவும் சோம்பேறித்தனம். பீட்டன்பாலின் வரைபடங்கள் ஏற்கெனவே ஆசைப்பட்டவனுக்கு வழி காட்டுகின்றன. ஆசையை உண்டாக்கியது மின்யே மாதிரி ஆட்கள்தான். பிரான்ஸில் அமெச்சூர் விமானக் கலாசாரமே அந்தப் புத்தகத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆசையை மூட்டாத எழுத்து எனக்கும் வேண்டாம். ஆனால் ஆசையை மூட்டுகிறவனுக்கு ஒரு கூடுதல் கடன் உண்டு: தன் அனுபவம் எந்த இடத்தில் முடிகிறது என்று கோடு கிழித்துக் காட்ட வேண்டும். ரேடியேட்டரைக் கண்முன்னால் நிறுத்த வேண்டும்.

விமர்சகனுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 1965ல் ரால்ஃப் நேடர் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' எழுதியபோது முதல் அத்தியாயத்திலேயே செவர்லே கோர்வேர் காரைக் கிழித்தார். குற்றம் பின்சக்கர சஸ்பென்ஷன் மேல். அதே காரின் இன்ஜின் காற்றால் குளிர்வது, ஆறு சிலிண்டர் படுத்த வாக்கில் இருப்பது. அந்த அறுபதுகளில்தான் பீட்டன்பால் அதை ஏர் கேம்பரில் மாட்டினார். ரேடியேட்டருக்கு வேலையில்லை, வானம் தெரிந்தது. நேடரும் சரி, பீட்டன்பாலும் சரி. எந்த பாகம் பழுது என்று நேடர் குறித்துச் சொன்னார். 'கார் இன்ஜினே ஆகாது' என்று வகையையே தள்ளிய ஃபார்மர்தான் பிறகு வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நாம் எழுதும் விமர்சனங்களில் எத்தனை ஃபார்மர் ரகம் என்று எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். ஃபார்மருக்காவது தப்பைக் கண்ணால் பார்த்ததும் ஒத்துக்கொள்ளும் நேர்மை இருந்தது.

பீட்டன்பால் 1984ல் இறந்தார். ஏர் கேம்பர்களை இன்றும் கட்டுகிறார்கள். கோர்வேர் இன்ஜினோ, முறையான விமான இன்ஜினோ கிடைக்கிற காலத்திலும் சிலர் பிடிவாதமாக மாடல் ஏவைத்தான் தேடுகிறார்கள். ரேடியேட்டரும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

என் டாக்குமெண்டில் அந்த டீ வரியை நான் எடுக்கவில்லை. அதற்கு மேலே இன்னொரு வரி சேர்த்தேன்: 'பத்து லட்சம் வரிசைகள் வரைதான் நான் இதைச் சோதித்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.' ஓட்டம் கெடுகிறது, பார்க்கவும் நன்றாக இல்லை. அந்தப் பெண்தான் இப்போது டீமின் லீட். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அந்த வரியைக் காட்டுகிறாள்.