பெயரும் இடமும்: கணினிக் கோப்பொழுங்கு பற்றிய ஒரு நோக்கு

ஒரு பணிசெயல் முறைமையை விட்டு மற்றொன்றிற்கு மாறுவோர் முதலிற் குறைப்படுவது கோப்புக்களைப் பற்றியேயாகும். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றதன் பின்னர், பழைய கணினியைக் கைவிட மனமில்லாதோர் சிலர் லினக்ஸையும், புதியது வாங்கும் வசதியுடையோர் சிலர் மக்கின்டோஷையும் நாடியுள்ளனர். இவர்களது முறைப்பாடுகளுக்கு அவ்விரு முறைமைகளின் ஆதரவாளரும் அளிக்கும் விடை ஒன்றே: பழக்கமின்மை. இவ்விடை பாதி உண்மையானது. எஞ்சிய பாதியை அது மறைத்துவிடுகின்றது என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது.

பழக்கத்தின்பாற் படுவனவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். விண்டோஸ் பயன்படுத்தியோர் லினக்ஸில் ‘சீ’ என்னும் வட்டைத் தேடித் திகைப்பர். வட்டுக்களை எழுத்துக்களாற் சுட்டும் வழக்கம், 1970களில் தோன்றிய சீபீ/எம் முறைமையிலிருந்து 1981 இல் எம்எஸ்-டொஸ் வழியாக வந்தது. ஏ, பீ என்பன நெகிழ்வட்டுக்களுக்கு உரியனவாக, வன்தட்டிற்கு ‘சீ’ எஞ்சியது. நெகிழ்வட்டு வழக்கொழிந்த பின்னரும் அவ்வெழுத்து நிலைத்துவிட்டது. பின்சாய்கோட்டின் கதையும் இத்தகையதே. டொஸின் முதற் பதிப்பில் சாய்கோடு கட்டளைத் தெரிவுகளுக்குப் பயன்பட்டமையால், 1983 இல் அடைவுகள் புகுத்தப்பட்டபோது பின்சாய்கோட்டை நாட நேர்ந்தது. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கிய யுனிக்ஸோ யாவற்றையும் ஒரே வேரின்கீழ் அமைத்தது. லினக்ஸ் அதன் வழிவந்தது. இவை வரலாற்றின் எச்சங்கள், குறைகளல்ல. மக்கின்டோஷின் ஃபைண்டரில் ‘என்டர்’ விசையை அழுத்தினால் கோப்புத் திறவாது பெயர்மாற்றத்திற்கு ஆயத்தமாவது எரிச்சலூட்டுவதே. ஆயினும் சில நாளில் விரல்கள் பழகிவிடும்.

ஃபைண்டர் மீது அடிக்கடி சுமத்தப்படும் ஒரு குற்றச்சாட்டு நியாயமற்றது என்றே கூறவேண்டும். கோப்புக்களை ‘வெட்டும்’ வசதி அதில் இல்லை. நகலெடுத்தபின், ஒட்டும்போது ‘ஒப்ஷன்’ விசையையும் சேர்த்தழுத்தியே இடம்மாற்றவேண்டும். ஆனால் விண்டோஸில் ‘வெட்டு’ எதனையும் வெட்டுவதில்லை. கோப்பின் உரு சற்று மங்குகின்றது. வேறிடத்தில் ஒட்டும்வரை கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. எழுத்துப் பிரதியைத் திருத்தும் மென்பொருளில் உண்மையாக நிகழும் ஒரு செயலின் பெயரை, அது நிகழாத இடத்திற்கு இரவல் பெற்றுள்ளனர். இவ்விடயத்தில் ஃபைண்டரே நேர்மையானது.

அந்த நேர்மை ‘பிரதியிடுக’ என்னும் சொல்லிற் காணப்படவில்லை. ‘களஆய்வு’ என்ற கோப்புறை ஒரு மாணவரின் வன்தட்டில் இரண்டாண்டு ஒலிப்பதிவுகளுடன் இருப்பதாகவும், அதே பெயரில் பென் டிரைவில் இவ்வாரத்துப் பதிவுகள் மூன்று மட்டும் இருப்பதாகவும் கொள்க. பின்னதை முன்னது உள்ள இடத்திற்கு நகலெடுக்கும்போது விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடும். ஒரே பெயருடைய கோப்புக்கள் இருந்தால் அவற்றைப் பற்றி மட்டுமே வினவும். ஃபைண்டரில் ‘பிரதியிடுக’ என்பதைத் தெரிவுசெய்தால் பழைய கோப்புறை முழுவதும் அகற்றப்பட்டு, மூன்று பதிவுகள் கொண்ட புதியது அதனிடத்தைப் பெறும். ஒன்றிணைக்கும் தெரிவு சில நிலைமைகளிற் கிடைப்பினும், விண்டோஸிலிருந்து வந்தவர் அதனைத் தேடவேண்டுமென அறியார். கோப்புறையை இடமாகக் கருதுவது விண்டோஸின் கொள்கை. பொருளாகக் கருதுவது ஃபைண்டரின் கொள்கை. இரண்டிற்கும் நியாயம் உண்டு. ஆயின் ஒரே சொல் ஓரிடத்திற் காப்பதையும் மற்றோரிடத்தில் அழிப்பதையும் குறிக்கும்போது, இரண்டாண்டு உழைப்பை இழந்தவரிடம் பழக்கமின்மையைச் சுட்டுவது விமர்சனமாகாது. இரு கோப்புறைகளிலும் எத்தனை கோப்புக்கள் உள்ளன என்பதை அவ்வினாவுடனேயே காட்டுவது எந்த மென்பொருளுக்கும் அரிய செயலன்று.

தமிழிற் பெயரிடுவோருக்கு இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. ‘கோப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் ‘கோ’ என்பதைக் ககரமும் ஓகாரக் குறியுமாக எழுதலாம். அல்லது ககரம், ஏகாரக் கொம்பு, அரவு எனப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமமானவை என ஒருங்குறி நியமம் கொள்கின்றது. அப்பிள் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017 இல் அதனிடத்தைப் பெறத் தொடங்கிய ஏபிஎஃப்எஸ், தரப்பட்ட வடிவை அவ்வாறே வைத்து, இரண்டையும் ஒன்றெனக் கருதுகின்றது. லினக்ஸ் வழக்கமாகப் பைற்றுக்களை மட்டுமே நோக்குவதால் அதற்கு அவை வேறு வேறு பெயர்கள். எனவே பழைய மக்கின்டோஷிற் பொதியாக்கப்பட்டு வந்த ‘கோப்பு’ம், லினக்ஸிலேயே தட்டெழுதப்பட்ட ‘கோப்பு’ம் ஒரே கோப்புறையில் அருகருகே இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றின் பெயரைத் தட்டெழுதித் தேடுபவருக்கு மற்றையது அகப்படாமற் போகலாம். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் இலக்கண மரபில் வந்தவர்க்கு இது விந்தையாகவே தோன்றும். பிரெஞ்சு, வியட்நாமிய மொழியினரும் இவ்விடரை அறிவர். ஆங்கிலத்திற் பெயரிடுவோர் அறிய நேர்வது மிக அரிது.

பெயரின் நீளத்திலும் இவ்வேற்றத்தாழ்வு உண்டு. லினக்ஸின் வழமையான கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைற்று அளிக்கின்றன. ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றில் அடங்க, தமிழ்க் குறியொன்று மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். ஆகத் தமிழுக்கு 85 குறிகளே. விண்டோஸின் அளவையோ பைற்றில் அமையாமையால் அங்கு தமிழ்க் குறிகளுக்கும் 255 வரை இடமுண்டு. ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லே 13 குறிகளைக் கொண்டது. அத்தகைய ஏழு சொற்கள் கொண்ட கட்டுரைத் தலைப்பு விண்டோஸில் கோப்பின் பெயராக நிற்கும். லினக்ஸிற்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படும்.

பிளவுபட்ட பெயர்களை ஒரே வடிவிற்குக் கொணரும் ‘கொன்வ்எம்வி’ போன்ற சிறு நிரல்கள் உள்ளன. அவை கட்டளை வரியில் இயங்குவன. பெயர் பிளவுபட்டுள்ளது என்பதை அறிந்தவரே அவற்றைத் தேடுவர். இரு வடிவங்களும் திரையில் ஒன்றாகவே தோன்றுவதால், அவ்வாறு அறிவோர் சிலரேயாவர்.